தூண்டிலின் கடைசிச் சாண்



தூண்டில் என்று சொன்னவுடன் உங்கள் மனக்கண்முன் தோன்றுவது எது? நீண்டதொரு மூங்கிற்கழி, நீரின்மேல் அசைந்தாடும் தக்கை, கரையிலே பொறுமையே வடிவாக அமர்ந்திருக்கும் ஒரு மனிதர். இவை யாவும் கண்ணுக்குத் தெரிகின்றவை. ஆயினும் மீனுக்கும் மனிதனுக்கும் இடையே நடைபெறும் வழக்கில் தீர்ப்புக் கூறுவது இவற்றுள் எதுவும் அன்று. நீருக்கடியில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் ஒரு சாண் நூலே அந்தத் தீர்ப்பைக் கூறுகிறது. ஈயக்குண்டுக்கும் தூண்டில் முள்ளுக்கும் நடுவே உள்ள அந்த நூலை ஆங்கில நாட்டுத் தூண்டிற்காரர்கள் 'ஹுக்லிங்க்' என்று அழைக்கிறார்கள். நான் இப்பேச்சில் அதனை 'முள்நூல்' என்று வழங்குகிறேன். கழியிலிருந்து நீருக்குள் செல்லும் நீண்ட இழையை, நம் ஊர்க் கடைகளில் கேட்டு வாங்குவதுபோலவே, 'நரம்பு' என்று சொல்கிறேன். இவ்விரண்டையும் நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மற்றவை எளிதில் விளங்கும்.

ஒரு சாண் நூலைப் பற்றி வானொலியில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நகைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றிய ஊர் கச்சிராயபாளையம்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையின் அடிவாரத்தில் அமைந்திருக்கிறது அவ்வூர். முன்பு விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயற்படத் தொடங்கியபின் அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களும், மக்காச்சோளக் கொல்லைகளும், மரவள்ளிக் காடுகளும் சூழ்ந்த பகுதி அது. மலையில் பெய்யும் மழை ஓடைகளாகத் திரண்டு கோமுகி ஆறாக இறங்கி வருகிறது. அந்த ஆற்றை மறித்து ஊருக்கு அருகே கட்டப்பட்டிருப்பதே கோமுகி அணை. அதன் நீர்மட்டத்தின் உச்ச அளவு 46 அடி. மேட்டூரையும் வைகையையும் கண்டவர்களுக்கு இது சிறிய அணையாகத் தோன்றும். ஆனால் வடகிழக்குப் பருவமழை நன்கு பெய்த ஆண்டில், மலையின் நீல நிழல் நீரில் விழ, அக்கரையிலே கொக்குகள் வரிசையாக நிற்கும் காட்சியைக் கண்டவர்கள் அதனைச் சிறிதென்று சொல்லமாட்டார்கள்.

நம் அணைகளிலும் ஏரிகளிலும் மீன்வளத்திற்காக விடப்படுகின்றவை பெரும்பாலும் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த மீன்கள். கட்லா, ரோகு, மிர்கால் என்னும் மூன்றும் அவற்றுள் தலையாயவை. இவை வடநாட்டுப் பேராறுகளைத் தாயகமாகக் கொண்டவை. தேங்கிய நீரில் இவை நன்றாக வளருமேயன்றி, தாமாக முட்டையிட்டுப் பெருகுவதில்லை. அதற்குப் பருவவெள்ளம் ஓடும் ஆறு வேண்டும். ஆகையால் முற்காலத்தில் ஆற்று வெள்ளத்தில் குஞ்சுகளை வாரி எடுத்துத் தொலைவிடங்களுக்கு அனுப்பி வந்தார்கள். 1957ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10ஆம் நாள், ஒடிசா மாநிலத்து அங்குல் என்னும் ஊரில் ஹீராலால் சௌத்ரி, அலிக்குஞ்ஞி என்னும் இரு அறிஞர்கள், மீனின் மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிவழியே செலுத்தி, இம்மீன்களைக் குளத்திலேயே முட்டையிடச் செய்வதில் வெற்றி கண்டார்கள். இன்று நாடெங்கும் அந்நாளை மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். நம் அணைகளுக்கு வேண்டிய குஞ்சுகளைப் பண்ணையிலேயே பொரித்தெடுக்க வழி செய்தது அந்த வெற்றிதான்.

இனி, என் கதைக்கு வருகிறேன்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலம். விடுமுறைக்குக் கச்சிராயபாளையத்தில் இருந்த உறவினர் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அணைக்கரையில் நாள்தோறும் ஒரு பெரியவர் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார். கடலூர்ப் பக்கத்துக் கடற்கரையில் பிறந்து, பிழைப்பின் பொருட்டு இவ்வூருக்கு வந்து தங்கிவிட்டவர் அவர். மீன்பிடி உரிமை பெற்றிருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு அவர் தூண்டில் போட, நானும் அவர் பக்கத்தில் ஓர் இடம் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு அப்போது ஒரே ஓர் எண்ணந்தான். பெரிய மீனைப் பிடிக்க வேண்டும். அது அறுத்துக்கொண்டு போகாதிருக்க வேண்டும். ஆகவே கடையில் கிடைத்த நூல்களுள் மிகத் தடித்ததாகப் பார்த்து வாங்கி முள்நூலாகக் கட்டினேன். நரம்போ பழையது, வெயிலில் காய்ந்து வலுக்குறைந்தது. பெரியவர் ஒருமுறை அதனைக் கையில் வாங்கிப் பார்த்தார். "தம்பி, கூரை வலுவாக இருக்கிறது, சுவர்தான் இல்லை" என்றார். நான் அதன் பொருளை உணரவில்லை.

அன்று மாலையே ஒரு பெரிய மீன் இரையெடுத்தது. கழி வில்லாக வளைந்தது. நான் மகிழ்ச்சியோடு இழுத்தேன். அடுத்த கணம் கழி நிமிர்ந்துவிட்டது. நூல் அறுந்திருந்தது; ஆனால் முள் அருகே அன்று, என் கைக்கு அருகே! ஏறத்தாழ இருபது கஜம் நரம்பும், ஈயக்குண்டும், முள்ளும் மீனோடு சென்றுவிட்டன. எனக்கு வருத்தமாக இருந்தது. மீன் போயிற்றே என்ற வருத்தமேயன்றி வேறொன்றும் இல்லை.

நான்கு நாட்களுக்குப்பின், நீர் சற்று வடிந்தபோது, கரையோரமாக மூழ்கிக் கிடந்த ஒரு கருவேல மரத்தின் கிளைகள் வெளியே தெரிந்தன. அங்கே ஏதோ படபடத்துக்கொண்டிருந்தது. பெரியவரும் நானும் சென்று பார்த்தோம். என் நரம்பு கிளைகளில் சுற்றிக் கிடந்தது. அதன் ஒரு முனையில் அந்த மீன் கட்டுண்டு இறந்து மிதந்தது. மறுபக்கத்தில், அதே நரம்பு சிறகிலும் காலிலும் சுற்றிக்கொள்ள, ஒரு நீர்க்காகம் தொங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் தம் மேல்துண்டால் அதன் கண்களை மூடி, சிறுகத்தியால் நரம்பை ஒவ்வொரு சுற்றாக அறுத்தார். பறவையைத் தரையில் விட்டதும் அது பறக்கவில்லை. சிறகை இழுத்துக்கொண்டே நாணற்புதருக்குள் நடந்து சென்று மறைந்தது.

பெரியவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அறுத்தெடுத்த நரம்பைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "நாளைக்குக் காலையில் வா தம்பி, முள் கட்டக் கற்றுத்தருகிறேன்" என்று மட்டும் கூறினார்.

மறுநாள் அவர் எனக்குக் காட்டிய முள்நூல் ஒரு பழம்பொருள். முறுக்கிய பருத்தி நூல் அது. ஆனால் கறுத்து, விறைத்து, மெழுகு பூசியதுபோல் இருந்தது. பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்துக் காயவைத்தது என்றார். நைலான் வருவதற்கு முன்பு நம் கடற்கரைகளில் வலைகளைப் பாதுகாத்தது இத்தகைய காய்களும் மரப்பட்டைகளுமே. பனிச்சை மரத்தின் முற்றாத காயை இடித்து நீரில் ஊறவைத்தால், துவர்ப்பும் பிசுபிசுப்பும் உள்ள சாறு கிடைக்கும். பருத்தி நூல் நீரில் கிடந்தால் நுண்ணுயிர்கள் அதனை அரித்து மட்கச் செய்துவிடும். துவர்ப்பொருள் ஏறிய நூலில் அவற்றின் வேலை எளிதில் நடைபெறாது; நூலின் வாழ்நாள் நீளும். அதனோடு நூல் சற்று விறைப்பாகவும் ஆகும். "இந்த விறைப்பு எதற்கு என்று தெரியுமா?" என்று கேட்டார் பெரியவர். "மெல்லிய நூல் வீசும்போது ஈயத்தில் சுற்றிக்கொள்ளும். விறைத்த நூல் சுற்றாது." பிறகு, முள்ளின் அருகே மட்டும் ஒரு விரற்கடை அளவுக்கு நூலை நகத்தால் கசக்கி மென்மையாக்கினார். "இங்கே மட்டும் இளகி இருக்க வேண்டும். மீன் வாயில் எடுக்கும்போது அதற்கு ஐயம் தோன்றக்கூடாது."

நண்பர்களே, மேல்நாட்டுக் கெண்டைத் தூண்டிற்காரர்கள் இன்று விலைகொடுத்து வாங்கும் 'பூச்சுப் பின்னல் நூல்' என்பதன் தத்துவம் முழுவதும் பெரியவரின் இவ்விரண்டு வாக்கியங்களில் அடங்கியிருக்கிறது. இதனை நான் பல ஆண்டுகளுக்குப் பின்னரே உணர்ந்தேன். எவ்வாறு என்று சொல்கிறேன்.

1935ஆம் ஆண்டில் அமெரிக்காவில், டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் என்னும் வேதியியல் அறிஞர் நைலானை உருவாக்கினார். சில ஆண்டுகளுக்குள் அது தூண்டில் நரம்பாகவும் வந்துவிட்டது. மட்காத அந்த நரம்பு, பனிச்சங்காய்க்கு ஓய்வு கொடுத்தது. அதன்பின் 1979ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டில், டி.எஸ்.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பால் ஸ்மித், பீட் லெம்ஸ்ட்ரா என்னும் இருவர் மற்றொரு வழியைக் கண்டார்கள். நாம் அன்றாடம் காணும் பாலித்தீன் இருக்கிறதல்லவா? அதன் மூலக்கூறுகளை மிக மிக நீளமானவையாகச் செய்து, கூழ்போன்ற நிலையில் நூற்று, பின்பு நீட்டி இழுத்தால், அவை ஒரே திசையில் வரிசையாகப் படிந்துவிடும். அவ்வாறு கிடைக்கும் இழை, எடைக்கு எடை எஃகைவிடப் பன்மடங்கு வலிமை வாய்ந்தது. இந்த இழைகள் பலவற்றைச் சேர்த்துத் தலைமயிர் பின்னுவதுபோல் பின்னியதே பின்னல் நூல். தடித்த நரம்பு தாங்கும் பளுவை மெல்லிய பின்னல் தாங்கும், பட்டுப்போல் வளையும்.

ஆனால் குறையில்லாத பொருள் உலகில் உண்டா? இந்தப் பாலித்தீன் இழையின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.97 கிராம். நீரின் அடர்த்தியோ 1 கிராம். ஆகவே இந்நூல் நீரில் மிதக்கப் பார்க்கும். அடியில் மேயும் மீனின் முன்னே நூல் வளைந்து எழுந்து நின்றால் மீன் அஞ்சி விலகும். மேலும், மிக மென்மையாக இருப்பதால் வீசும்போது ஈயத்தில் சுற்றிச் சிக்கிக்கொள்ளும். கற்களிலும் முட்களிலும் உராய்ந்தால் இழைகள் ஒவ்வொன்றாக அறும். இக்குறைகளைப் போக்கவே பின்னலின்மேல் ஒரு நெகிழிப்பூச்சு ஏற்றுகிறார்கள். பூச்சு, நூலுக்கு எடை தந்து அமிழச் செய்கிறது; விறைப்பைத் தந்து சிக்காமல் காக்கிறது; மேல்தோலாக நின்று உராய்வைத் தாங்குகிறது. அன்று பனிச்சங்காய்ச் சாறு பருத்தி நூலுக்குச் செய்த பணியை இன்று இந்தப் பூச்சு செய்கிறது.

அப்படியானால் முழுவதும் பூச்சோடே இருக்கலாமே. முள்ளின் அருகே மட்டும் அதனை உரிப்பானேன்? இதற்கு விடை காண நாம் கெண்டையின் வாயைப் பார்க்கவேண்டும். கெண்டை இனத்தின் தாடைகளில் பற்கள் இல்லை. பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. அது இரையைக் கடித்து எடுப்பதில்லை. உதடுகளை நீட்டி, நீரோடு சேர்த்து உறிஞ்சி எடுக்கிறது. வாய்க்குள் சென்ற பொருள் உண்ணத்தக்கதா என்று சோதித்து, அல்லவென்றால் நீரோடு வெளியே உமிழ்ந்துவிடுகிறது. உறிஞ்சுவதும் உமிழ்வதும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். விறைத்த நூலில் கட்டிய இரை, உறிஞ்சும் நீரோடு இயல்பாகச் செல்லாமல் தயங்கும். அந்தத் தயக்கமே மீனுக்கு எச்சரிக்கை.

1970களின் இறுதியில் இங்கிலாந்தில் லென் மிடில்டன், கெவின் மாடாக்ஸ் என்னும் இரு தூண்டிற்காரர்கள் இதுபற்றிச் சிந்தித்தார்கள். இரையை முள்ளில் குத்தாமல், முள்ளிலிருந்து தொங்கும் ஒரு தலைமயிரில் கட்டிப் பார்த்தார்கள். தனியே கிடக்கும் இரைபோல எண்ணி மீன் அதனை உறிஞ்ச, வெறுமுள்ளும் பின்தொடர்ந்து உள்ளே செல்லும். உமிழும்போது முள் உதட்டில் பதிந்துவிடும். 'மயிர்க்கட்டு' என்று பொருள்படும் பெயரால் அம்முறை இன்று உலகெங்கும் அறியப்படுகிறது. தலைமயிருக்குப் பதிலாக இப்போது அந்த முள்நூலின் நுனியையே மயிராகப் பயன்படுத்துகிறார்கள்.

இனி, பூச்சுப் பின்னலில் முள்நூல் ஆயத்தம் செய்யும் முறையை ஒவ்வொரு படியாகக் கூறுகிறேன். இது பெரியவர் கற்பித்ததையும், நான் பின்னர்ப் பழகி அறிந்ததையும் சேர்த்தது.

முதலில் 40 சென்டிமீட்டர் நீளமுள்ள நூலை வெட்டிக்கொள்ளுங்கள். கட்டி முடிக்கும்போது அது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, 18 முதல் 20 சென்டிமீட்டர் அளவில் நிற்கும். ஒரு முனையிலிருந்து 14 சென்டிமீட்டர் அளந்து, அவ்விடத்தில் பூச்சை இரு கட்டைவிரல் நகங்களால் அழுத்திக் கீறுங்கள். பூச்சு விண்டதும் முனையை நோக்கி ஒரே சீராக இழுத்தால், மேலுறை கழன்று உள்ளிருக்கும் பின்னல் வெளிப்படும். கத்தியால் உரிக்கலாகாது, பல்லால் கடித்தும் உரிக்கலாகாது. பூச்சோடு சேர்த்துப் பின்னலின் இழைகள் இரண்டொன்று அறுபட்டால் கண்ணுக்குத் தெரியாது. மீன் இழுக்கும்போதுதான் தெரியும்.

இரண்டாவது, உரித்த முனையில் ஒரு சிறு கண்ணி போடுங்கள். அதுவே மயிரின் நுனி. வேகவைத்த மக்காச்சோள மணிகள் இரண்டை மெல்லிய கொக்கியூசியால் கோத்துக் கண்ணிக்குள் தள்ளி, அவை கழன்று விழாதபடி கண்ணியில் ஒரு சிறு புல்தண்டைச் செருகுங்கள். கச்சிராயபாளையத்துக் கொல்லைகளில் விளையும் மக்காச்சோளமே இதற்குப் போதும். விலைமிகுந்த இரை வேண்டியதில்லை. மணிகளை நன்றாக ஊறவைத்து, மென்மையாகும்வரை வேகவைக்க வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

மூன்றாவது, முள்ளைக் கட்டுதல். நூலின் மறுமுனையை முள்ளின் காதுக்குள் வெளிப்புறத்திலிருந்து, அதாவது கூர்நுனி நோக்காத பக்கத்திலிருந்து, நுழையுங்கள். இரை முள்ளின் வளைவிலிருந்து ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தொங்குமாறு மயிரை முள்ளின் தண்டோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். நீண்ட முனையால் தண்டையும் மயிரையும் சேர்த்துக் கீழ்நோக்கி ஏழெட்டுச் சுற்றுகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், நெருக்கமாகச் சுற்றுங்கள். பின்பு அம்முனையை மீண்டும் முன்போலவே வெளிப்புறத்திலிருந்து காதுக்குள் செலுத்தி இழுங்கள். இங்கே முடிச்சே இல்லை. சுற்றின் பிடிப்பே நூலைக் காக்கிறது. இறுக்குவதற்கு முன்னால் நூலை நீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த நூலை விரைந்து இறுக்கினால் உராய்வினால் சூடு பிறக்கும். பாலித்தீன் இழை சூட்டைத் தாங்காதது. பிடிப்பு உள்ள இடத்திலேயே வலுவிழந்துவிடும்.

நான்காவது, முள்ளின் காதுக்கும் பூச்சு தொடங்கும் இடத்திற்கும் இடையே ஒன்றரை அல்லது இரண்டு சென்டிமீட்டர் நீளம் வெறும் பின்னலாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர் நகத்தால் கசக்கிய 'ஒரு விரற்கடை' இதுதான். கதவுக்குக் கீல் எப்படியோ, முள்ளுக்கு இவ்விடம் அப்படி. இந்தக் கீலில் முள் தாராளமாகத் திரும்பும். மிகுதியான நீளத்தை உரித்துவிட்டால் நூல் சிக்கும். குறைவாக உரித்தால் முள் திரும்பாது.

ஐந்தாவது, மறுமுனையில் எட்டு வடிவ முடிச்சால் ஒரு கண்ணி போட்டு, சுழல் வளையத்தில் மாட்டுங்கள். கடைகளில் ஸ்விவல் என்று கேட்டால் கொடுப்பார்கள். மீன் புரளும்போது நூல் முறுக்கேறாமல் அது காக்கும்.

ஆறாவது, நூலை நேராக்குதல். உருளையில் சுற்றிவைத்த நூலுக்குச் சுருளும் பழக்கம் படிந்திருக்கும். கொதிக்கும் கெண்டியின் மூக்கிலிருந்து வரும் நீராவியில், கையைச் சுட்டுக்கொள்ளாமல், நூலைச் சில விநாடிகள் காட்டி, இழுத்துப் பிடித்தவாறே ஆறவிட்டால் நேராக நிற்கும். நீராவியின் வெப்பம் 100 பாகை செல்சியஸ்; உள்ளே இருக்கும் இழை உருகுவதற்கு 130 பாகைக்கு மேல் வேண்டும். ஆகவே நீராவியால் தீங்கில்லை. தீக்குச்சிச் சுடரில் மட்டும் காட்டிவிடாதீர்கள்.

இறுதியாக, சோதனை. முடித்த நூலை உள்ளங்கையின்மீது கிடத்தி மெல்ல இழுங்கள். முள் தானாகப் புரண்டு, கூர்நுனி கீழ்நோக்கித் தோலைத் தொட்டால் கட்டு சரி. புரளாமல் வழுக்கி வந்தால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். நூலின் வலுவைச் சோதிக்க முள்ளைக் கையால் பிடித்து இழுக்க வேண்டாம். கத்தரிக்கோலின் வளையத்தில் மாட்டிச் சீராக இழுங்கள்.

இவ்வளவும் கைத்திறன். ஆனால் பெரியவர் எனக்குக் கற்பிக்க விரும்பியது இதைவிடப் பெரியது. முள்நூல் எத்தனை வலுவாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அவர் சொன்ன விடையே என் பேச்சின் கருத்து. "நரம்பைவிட ஒரு படி வலுக்குறைவாக இருக்க வேண்டும்" என்றார் அவர். நரம்பு 7 கிலோ பளுவைத் தாங்குமானால் முள்நூல் 5 கிலோ தாங்கினால் போதும். நூல் அறவே கூடாது என்று எண்ணிக் கட்டுபவன் அறியாதவன்; ஒரு நாள் எந்த நூலும் அறும். அறும்போது எந்த இடத்தில் அற வேண்டும் என்று எண்ணிக் கட்டுபவனே தூண்டிற்காரன். முள்நூல் அற்றால் மீனோடு செல்வது ஒரு சாண். நரம்பு அற்றால் செல்வது இருபது கஜம். அந்த இருபது கஜந்தான் கருவேல மரத்தில் ஒரு மீனையும் ஒரு பறவையையும் கட்டிப்போட்டது.

இதே காரணத்தால், ஈயக்குண்டையும் நரம்போடு இறுக்கிக் கட்டிவிடாமல், மெல்லிய நூலால் தனியே தொங்கவிட வேண்டும். குண்டு எங்கேனும் சிக்கினால் அது மட்டும் அறுந்து, மீன் விடுபடும். முள்ளின் நுனிக்குச் சற்றுப் பின்னால் பின்னோக்கி நிற்கும் சிறு கூரைக் குறடால் நசுக்கிவிட்டால், அறுத்துச் சென்ற மீனும் முள்ளை எளிதில் உதறிவிடும். கரையில் வெட்டிய துண்டு நூல்களை ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பையில் இட்டுக்கொள்ள வேண்டும். பருத்தி நூல் சில திங்களில் மட்கியது; இந்நூல் அவ்வாறு மட்குவதன்று. நாம் வியந்து போற்றும் அதன் வலிமையே, கரையில் வீசப்பட்டபின் தீமையாகிவிடுகிறது.

ஈயத்தைப் பற்றியும் ஒரு சொல். இங்கிலாந்தின் ஆறுகளில் தூண்டிற்காரர்கள் நழுவவிட்ட சிறு ஈயத்துண்டுகளைக் கல் என்று எண்ணி விழுங்கிய அன்னப்பறவைகள் நஞ்சேறி மாண்டன. ஆகவே அந்நாட்டில் 1987ஆம் ஆண்டு முதல் சிறு ஈயக்குண்டுகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது. தூண்டிற்காரர்கள் வேறு உலோகங்களுக்கு மாறினார்கள். நாம் தடை வரும்வரை காத்திருக்க வேண்டுமா? பழைய இரும்பு நட்டு ஒன்றோ, துளையிட்ட கூழாங்கல் ஒன்றோ அதே பணியைச் செய்யும்.

அணைகளில் மீன்பிடிக்கும் உரிமை குத்தகைதாரருக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ உரியதாக இருக்கும். அவர்களுடைய இசைவைப் பெறாமல் தூண்டில் போடாதீர்கள். மழைக்காலத்தில் மதகின் அருகிலும் வழுக்குப்பாறைகளின்மீதும் நிற்காதீர்கள்.

அந்த விடுமுறையின் கடைசி நாளில், நானே உரித்து நானே கட்டிய முள்நூலில் ஒரு ரோகு அகப்பட்டது. பாதி வழியில் அது பாறைக்கடியில் புகுந்தது, நூல் அறுந்தது. நான் நரம்பைச் சுற்றி எடுத்தேன். சுழல் வளையம் வந்தது, குண்டு வந்தது, நரம்பு முழுவதும் வந்தது. முள்நூல் ஒன்றே வரவில்லை. வெறுங்கையோடு நின்ற என்னைப் பார்த்துப் பெரியவர் முதன்முறையாகச் சிரித்தார். "இப்போதுதான் தம்பி, நீ சரியாகக் கட்டியிருக்கிறாய்" என்றார்.

அவர் இன்று இல்லை. கோமுகி அணைக்கரைக்குச் செல்லும்போதெல்லாம் அந்த நாணற்புதரை நான் ஒருமுறை பார்த்துவிட்டே வருகிறேன். உங்களில் யாரேனும் நாளை தூண்டிலைக் கையில் எடுப்பீர்களானால், கழியின் நீளத்தைப் பார்க்குமுன் அந்தக் கடைசிச் சாணைப் பாருங்கள். அறவேண்டிய நாள் வந்தால் அந்த இடத்திலேயே அறும்படி அதனைக் கட்டுங்கள்.